திரையில் ஒன்று, தாளில் வேறொன்று

எஃகுக் கம்பி ஒன்றை மேலே இறுகப் பிணைத்துத் தொங்கவிட்டு, அதன் கீழ்நுனியில் எடைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றும் சோதனையை நீங்கள் அறிவீர்கள். எடை கூடக் கூடக் கம்பி சிறிது சிறிதாக நீள்கிறது. சுமையைக் கிடை அச்சிலும் நீட்சியை நெடு அச்சிலும் குறித்தால் ஒரு நேர்க்கோடு கிடைக்கிறது. முன்பெல்லாம் இதை வரைபடத்தாளில் பென்சிலால் வரைந்தோம். இன்று அளவீடுகளைக் கணிப்பொறியில் பதிந்துவிட்டால் போதும். பொறியியல் மென்பொருள் நொடிப்பொழுதில் படத்தை வரைந்து காட்டிவிடுகிறது. திரையில் படம் அழகாக நிற்கிறது. அச்சிடும்படி ஆணையிடுகிறோம். தாள் வெளியே வருகிறது.

எடுத்துப் பார்த்தால் படம் வேறாக இருக்கிறது! ஒரு கோட்டைக் காணவில்லை. கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஓமேகா இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கிறது. உடனே நாம் அச்சுப்பொறியின்மேல் பழியைப் போடுகிறோம். ஆனால் பல வேளைகளில் அச்சுப்பொறி தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்திருக்கும்.

இத்தகைய தவறுகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை, கண்ணில் பட்டுவிடும் தவறு. பாதிப் படம் மட்டும் வந்தால் யாரும் அதை நம்பப் போவதில்லை, மீண்டும் அச்சிடுவார்கள். இரண்டாம் வகை, பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றியபடியே பொய் சொல்லும் படம். எண்ணும் எழுத்தும் கோடும் சீராக இருக்கும். பொருள் மட்டும் மாறியிருக்கும். ஆபத்தானது இந்த இரண்டாம் வகையே. இவை ஏன் நேர்கின்றன, எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

படம் இருமுறை வரையப்படுகிறது

திரையில் உள்ள படத்தை அச்சுப்பொறி அப்படியே படியெடுக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை வேறு. திரைக்காக ஒரு முறையும் தாளுக்காக மற்றொரு முறையும் படம் புதிதாக வரையப்படுகிறது. இரண்டிற்கும் பொதுவாக இருப்பது ஒரு கட்டளைத் தொகுப்பு மட்டுமே: ‘இங்கிருந்து அங்குவரை கோடு போடு, இந்த இடத்தில் இந்த எழுத்தை வை, இந்த நிறத்தைக் கொடு.’

‘15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை’ என்று ஒரு கோலத்தை இரண்டு பேருக்குச் சொல்லிவிடுங்கள். ஒருவர் அகன்ற முற்றத்தில் போடுகிறார். மற்றவர் குறுகிய வாசற்படியில் போடுகிறார். ஒருவர் கை தடித்த இழையை இழுக்கும். மற்றவர் கை மெல்லிய இழையை இழுக்கும். ஒருவரிடம் செம்மண் இருக்கும், மற்றவரிடம் இராது. சொன்ன குறிப்பு ஒன்றே; கிடைத்த கோலங்கள் இரண்டு. திரையும் தாளும் இத்தகைய இரண்டு முற்றங்களே.

கணிப்பொறி வரைபடத்தின் தொடக்க நாள்களில் இது கண்கூடாகத் தெரிந்தது. 1959இல் அமெரிக்காவில் கால்காம்ப் 565 என்னும் வரைவுப்பொறி விற்பனைக்கு வந்தது. அதில் தாள் ஓர் உருளையின்மேல் முன்னும் பின்னும் உருளும். பேனா குறுக்கே ஓடும். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு அளவான சிறு சிறு அடிகளை எடுத்துவைத்து அது கோடு வரைந்தது. பேனாவை இறக்கு, நகர்த்து, தூக்கு என்பவையே அதற்குத் தெரிந்த கட்டளைகள்.

பின்னர் நுண்ணிய புள்ளிகளால் பக்கத்தை நிரப்பும் லேசர் அச்சுப்பொறிகள் வந்தன. ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி ஆகிய இருவரும் 1982இல் தொடங்கிய அடோபி நிறுவனம், பக்கத்தை வருணிப்பதற்கென்றே போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் மொழியை உருவாக்கியது. 1985இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் அம்மொழியைப் புரிந்துகொண்டது. 1993இல் அதே அடோபி நிறுவனம் பி.டி.எஃப். என்னும் கோப்பு வடிவத்தை வெளியிட்டது. இன்று நாம் அனுப்பும் வரைபடங்களில் பெரும்பகுதி இந்த வடிவத்திலேயே பயணம் செய்கிறது.

ஆகவே ஒரு வரைபடம் தாளை அடையுமுன் மூன்று கைகள் மாறுகிறது. மென்பொருள் கட்டளைகளை எழுதுகிறது. டிரைவர் எனப்படும் இடைநிலை நிரல் அவற்றை அச்சுப்பொறியின் மொழிக்கு மாற்றுகிறது. அச்சுப்பொறி அவற்றைப் புள்ளிகளாக்கித் தாளில் பதிக்கிறது. எழுத்தின் வடிவம், படத்தின் அளவு, கோட்டின் தடிப்பு, நிறம் ஆகிய நான்கையும் இக்கைகளுள் எதுவும் மாற்றிவிடக் கூடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுத்து மாறினால் எஃகும் பாலித்தீன் ஆகும்

நம் கம்பிச் சோதனைக்கே திரும்புவோம். கம்பியின் நீளம் 2 மீட்டர், விட்டம் 1 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 10 நியூட்டன் சுமை ஏற்றினால், அஃதாவது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால், அது சுமார் 127 மைக்ரோமீட்டர் நீளும். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மைக்ரோ என்பதைக் குறிக்கக் கிரேக்க எழுத்தான மியூவைப் பயன்படுத்துகிறோம்.

கணிப்பொறிக்கு எழுத்தின் உருவம் தெரியாது. எழுத்தின் எண் மட்டுமே தெரியும். ஓர் எண்ணுக்கு எந்த உருவத்தை இடுவது என்பதை எழுத்துரு என்னும் தொகுப்பு தீர்மானிக்கிறது. லேசர்ரைட்டர் காலத்திலிருந்து வழங்கிவரும் ‘சிம்பல்’ என்னும் எழுத்துருவில், ஆங்கிலச் சிறிய எழுத்தான எம் இருக்க வேண்டிய எண்ணில் மியூ இருக்கிறது. பெரிய டபிள்யூ இருக்க வேண்டிய எண்ணில் ஓமேகா இருக்கிறது. எஸ் இருக்கும் இடத்தில் சிக்மா, இ இருக்கும் இடத்தில் எப்சிலான், பெரிய டி இருக்கும் இடத்தில் டெல்டா என்று அந்த வரிசை நீள்கிறது.

கோப்பு மற்றொரு கணிப்பொறிக்குப் போகிறது. அங்கே சிம்பல் எழுத்துரு இல்லை. அல்லது அச்சுப்பொறி தன்னிடமுள்ள வேறோர் எழுத்துருவை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறது. எண் மாறவில்லை, உருவம் மாறிவிட்டது. மியூவின் இடத்தில் எம் வந்து நிற்கிறது. மைக்ரோமீட்டர் மில்லிமீட்டராகிவிட்டது! 127 மைக்ரோமீட்டர் என்பது 127 மில்லிமீட்டர் என்று படிக்கப்படுகிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். எஃகின் யங் குணகம் சதுர மீட்டருக்குச் சுமார் 20,000 கோடி நியூட்டன். அச்சிட்ட படத்தை நம்பிக் கணக்கிட்டால் கிடைப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 20 கோடி நியூட்டன். இது பைகள் செய்யும் மெல்லிய பாலித்தீனின் குணகத்தை ஒட்டிய மதிப்பு. எழுத்து ஒன்று மாறியதால் எஃகுக் கம்பி பாலித்தீன் இழையாகிவிட்டது. எஃகைப் பற்றி நமக்கு முன்னரே தெரியுமாதலால் இதைக் கண்டு சிரித்துவிட்டுத் திருத்துகிறோம். புதிய ஒரு பொருளைச் சோதிக்கும்போது எதைக்கொண்டு சந்தேகப்படுவது? மருந்தின் அளவைக் காட்டும் படத்தில் மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆனால் என்ன நேரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவ்வாறே, மின்தடையைக் காட்டும் படத்தில் 10 கிலோ ஓம் என்பது 10 கிலோவாட் என்று தோன்றும்.

கழித்தல் குறியும் இவ்வாறே காணாமற் போவதுண்டு. நாம் விசைப்பலகையில் தட்டும் சிறு கோடு வேறு. கணிதத்தில் கழித்தலுக்கென ஒதுக்கப்பட்ட குறி வேறு. இரண்டிற்கும் தனித்தனி எண்கள் உண்டு. சில மென்பொருள்கள் அச்சின் எண்களுக்கு உண்மைக் கழித்தல் குறியையே இடுகின்றன. எழுத்துருவில் அந்தக் குறி இல்லையென்றால் அதன் இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் தோன்றும். சில வேளைகளில் ஒன்றுமே தோன்றாது. -40, -20, 0, 20, 40 என்றிருந்த வெப்பநிலை அச்சு 40, 20, 0, 20, 40 என்று வந்து நிற்கும்.

இதற்கு மாற்று எளிது. கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துருக்களையும் கோப்பினுள்ளேயே பொதிந்து வைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். கட்டுச்சோற்றைக் கையோடு எடுத்துச் செல்பவர் போகுமிடத்தில் கிடைப்பதை நம்பியிருக்க வேண்டியதில்லை. இன்னும் பாதுகாப்பான வழி, அலகின் பெயரைச் சொல்லாகவே எழுதிவிடுவது. ‘மைக்ரோமீட்டர்’ என்று முழுதாக எழுதிய சொல் மில்லிமீட்டராக மாறாது.

தாள் சுருங்கினால் வீடும் சுருங்கும்

அடுத்தது அளவு. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாள் ஏறத்தாழ 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அஃதாவது ஏ4 தாளைவிடச் சற்று அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை. அமெரிக்காவில் எழுதப்பட்ட மென்பொருள்கள் பல, நாம் மாற்றாதவரை, லெட்டர் தாளையே மனத்திற்கொண்டு படத்தை அமைக்கின்றன. தாள்கள் இரண்டும் மாறும்போது ஒன்று படத்தின் ஓரம் வெட்டுப்படும். அல்லது முழுப் படமும் சுருங்கும். ஏ4 அளவுப் படம் லெட்டர் தாளில் அடங்க வேண்டுமானால் 94 விழுக்காடாகச் சுருங்கியாக வேண்டும்.

தாள் சரியாக இருந்தாலும் சுருக்கம் நேரலாம். பெரும்பாலான அச்சுப்பொறிகளால் தாளின் விளிம்புவரை அச்சிட முடியாது. சுமார் 4 மில்லிமீட்டர் வெற்றிடம் வேண்டும். ஆகவே, ‘பக்கத்தில் பொருத்து’ என்ற அமைப்பு இருந்தால், 210 மில்லிமீட்டர் அகலப் படம் 202 மில்லிமீட்டருக்குள் அடக்கப்படும். இது ஏறத்தாழ 96 விழுக்காடு. கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. ஆனால் 100இல் 1 என்ற அளவுத்திட்டத்தில் வரைந்த வீட்டுப் படத்தில் 5 மீட்டர்ச் சுவர் 50 மில்லிமீட்டருக்குப் பதிலாக 48 மில்லிமீட்டராக வரும். அளவுகோலை வைத்து அளப்பவர் சுவர் 4.8 மீட்டர் என்று முடிவு செய்வார். இருபது சென்டிமீட்டர் காணாமற் போயிற்று!

எனவே இரண்டு விதிகளைக் கடைப்பிடியுங்கள். அளவு முக்கியமான படத்தை அச்சிடும்போது ‘உண்மை அளவு’ அல்லது ‘100 விழுக்காடு’ என்பதையே தேர்ந்தெடுங்கள். ‘1 செ.மீ. = 1 மீ.’ என்று அளவுத்திட்டத்தை எழுத்தால் மட்டும் குறிக்காமல், நீளம் குறித்த ஓர் அளவுக்கோட்டையும் படத்தினுள் வரையுங்கள். படம் சுருங்கினால் அந்தக் கோடும் சேர்ந்து சுருங்கும், விகிதம் கெடாது. எழுத்தோ சுருங்கிய பின்னும் பழைய பொய்யையே சொல்லிக்கொண்டிருக்கும்.

அளவு மாறுவதால் நேரும் இன்னொரு மாறாட்டம் மிக நுட்பமானது. அச்சில் எத்தனை எண்குறிகள் இடுவது என்பதை மென்பொருள் இடத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்கிறது. திரையில் பெரிய சாளரத்தில் 0, 20, 40, 60, 80, 100 என்று ஆறு குறிகள் இட்டிருக்கும். தாளில் படம் சிறியதாகும்போது 0, 50, 100 என்று மூன்று போதும் என முடிவு செய்யும். எண்களையும் மென்பொருளே இடுமானால் கேடில்லை. ஆனால் ஆறு குறிகளுக்குமான எழுத்துகளை நீங்கள் கையால் பட்டியலிட்டுக் கொடுத்திருந்தால்? முதற்குறிக்கு முதல் எழுத்து, இரண்டாம் குறிக்கு இரண்டாம் எழுத்து என்று அது வரிசைப்படி ஒட்டிவிடும். 50 இருக்க வேண்டிய இடத்தில் 20 என்றும், 100 இருக்க வேண்டிய இடத்தில் 40 என்றும் அச்சாகும். கோடு சரி, அச்சு சரி, எண்கள் மட்டும் தவறு!

மேட்லாப் என்னும் பொறியியல் மென்பொருளின் பழைய பதிப்புகளைப் பயன்படுத்தியவர்கள் இதை நன்கு அறிவார்கள். அதில் திரையின் அளவு எதுவாயினும், நாம் மாற்றாதவரை, தாளில் 8 அங்குலத்திற்கு 6 அங்குலம் என்ற அளவிலேயே படம் மீண்டும் வரையப்பட்டது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்துதான் திரையின் அளவையே தாளுக்கும் கொள்வது இயல்பாக்கப்பட்டது. எந்த மென்பொருளாயினும் விதி ஒன்றே: எழுத்தை நீங்கள் கொடுத்தால், குறி நிற்கும் இடத்தையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

மெலியும் கோடு, மறையும் நிறம்

திரையில் ஒரு படப்புள்ளித் தடிப்பில் ஒரு கோடு போடுகிறோம். அங்குலத்திற்கு 96 புள்ளிகள் கொண்ட திரையில் அதன் தடிப்பு 0.26 மில்லிமீட்டர். அங்குலத்திற்கு 600 புள்ளிகள் கொண்ட அச்சுப்பொறி ‘ஒரு புள்ளி’ என்பதைத் தன் புள்ளியாக எடுத்துக்கொண்டால் தடிப்பு 0.04 மில்லிமீட்டராகிவிடும். திரையில் தெளிவாக நின்ற கோடு தாளில் சிலந்தி இழையாகத் தேய்கிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் கோட்டின் தடிப்பு சுழி என்று கொடுத்தால், ‘உன்னால் இயன்ற மிக மெல்லிய கோடு’ என்று பொருள். அச்சுப்பொறி நுட்பமாக ஆக ஆக அந்தக் கோடு மேலும் மெலியும். தடிப்பைப் புள்ளிக் கணக்கில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்வதே இதற்கு மருந்து. 0.25 மில்லிமீட்டர் எங்கும் 0.25 மில்லிமீட்டரே.

பொறியியல் வரைபடங்களுக்குப் பயன்படும் ஆட்டோகேட் மென்பொருளில் மற்றொரு விந்தை உண்டு. முற்காலப் பேனா வரைவுப்பொறிகளில் நிற எண்ணைக் கொண்டு எந்தப் பேனாவை எடுப்பது என்று தீர்மானித்தார்கள். சிவப்புக்கு ஒரு பேனா, மஞ்சளுக்கு வேறொரு பேனா. பேனாக்கள் மறைந்துவிட்டன, வழக்கம் மறையவில்லை. திரையில் இடும் நிறத்தைக் கொண்டு தாளில் கோட்டின் தடிப்பை முடிவு செய்யும் அட்டவணை அதில் இன்றும் உள்ளது. படத்தை நண்பருக்கு அனுப்பி அட்டவணையை அனுப்ப மறந்தால், சுவரும் சன்னலும் ஒரே தடிப்பில் வந்து நிற்கும். மேலும், அதில் டெஃப்பாயிண்ட்ஸ் என்ற பெயருடைய ஓர் அடுக்கு உண்டு. அந்த அடுக்கில் வரைந்தவை திரையில் தெரியும். தாளில் ஒருநாளும் வாரா. ‘ஒரு கோட்டை மட்டும் காணோம்’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் அந்த அடுக்கைப் பார்க்க வேண்டும்.

இனி நிறம். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடும்போது ஒவ்வொரு நிறமும் ஒரு சாம்பல் நிறமாக மாற்றப்படுகிறது. நம் கண்ணுக்குப் பச்சை மிக ஒளியாகவும், சிவப்பு அதனினும் குறைவாகவும், நீலம் மிகவும் மங்கலாகவும் தெரிகின்றன. அதற்கேற்பச் சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587 பங்கு, நீலத்தில் 0.114 பங்கு எடுத்துக் கூட்டுவது ஒரு பழைய, பரவலான முறை. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் தூய சிவப்பு 76 ஆகிறது. பாதி ஒளியுடைய கரும்பச்சை 75 ஆகிறது. திரையில் எதிரெதிராகத் தோன்றிய சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் தாளில் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிட்டன! எது எஃகு, எது செம்பு என்று பிரித்தறிய வழியில்லை. மஞ்சளோ 226 ஆகி வெள்ளைத் தாளில் கரைந்துவிடுகிறது. கறுப்புத் திரையில் பளிச்சிட்ட மஞ்சள் கோடு தாளில் காணாமற் போவதன் காரணம் இதுவே.

நிறத்தை மட்டும் நம்பாமல், ஒரு கோட்டை முழுக்கோடாகவும், அடுத்ததைப் புள்ளிக்கோடாகவும், மற்றொன்றைச் சிறு வட்டங்கள் கோத்த கோடாகவும் போடுங்கள். நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண்ணுடையவர்களுக்கும் இது பேருதவியாகும்.

பாதிப் படமும் புரியாத பக்கங்களும்

படத்திற்குப் பதிலாகப் பக்கம் பக்கமாக ஆங்கிலச் சொற்களும் எண்களும் அச்சாவதைச் சிலர் கண்டிருக்கலாம். முதல் வரி விழுக்காட்டுக் குறியும் வியப்புக் குறியுமாகத் தொடங்கினால், அது போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரல். அம்மொழி தெரியாத அச்சுப்பொறி, கட்டளைகளை நிறைவேற்றாமல் கட்டளைகளையே எழுதிக் காட்டுகிறது. டிரைவரைச் சரியானதாக மாற்றினால் இது தீரும்.

படத்தின் மேற்பாதி மட்டும் வந்தால் அச்சுப்பொறியின் நினைவகத்தைச் சந்தேகிக்கலாம். ஏ4 பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் நிரப்ப ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் வேண்டும். புள்ளிக்கு ஒரு பிட் என்றாலும் அது 1 மெகாபைட்டைத் தாண்டும். 1985ஆம் ஆண்டு லேசர்ரைட்டரின் மொத்த நினைவகமே 1.5 மெகாபைட்தான். இன்றைய பொறிகளில் நினைவகம் மிகுதி. ஆயினும் பல இலட்சம் அளவீடுகளை ஒரே படத்தில் திணித்தால் அவையும் திணறக்கூடும்.

திரைப் படத்தைப் பிடித்து ஒட்டுவது இதற்கெல்லாம் குறுக்குவழி என்று சிலர் கருதுகிறார்கள். 640 படப்புள்ளி அகலமுள்ள படத்தை 16 சென்டிமீட்டருக்கு விரித்தால் சென்டிமீட்டருக்கு 40 புள்ளிகளே கிடைக்கும். எழுத்துகள் படிக்கட்டுபோல் தெரியும். அதைச் சுருக்கினாலோ, ஒரு புள்ளித் தடிப்புள்ள கட்டக்கோடுகளில் சில நிற்கும், சில மறையும். கட்டங்களை எண்ணிப் படிப்பவர் ஏமாறுவார். கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்கும் வடிவத்தில் சேமிப்பதே நல்லது.

படியெடுக்கும்போது மாறிய எண்கள்

அச்சிட்ட படம் சரியாக இருந்தும், அதைப் படியெடுக்கும்போது எண்கள் மாறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணிப்பொறி அறிஞர் டேவிட் கிரீசல், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் வகைப் பொறியில் படியெடுத்தபோது எழுந்த சிக்கலை ஆராய்ந்தார். மூல வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு முறையே 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். படியில் மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே இருந்தது! வேறு தாள்களில் 6 என்னும் இலக்கம் 8 ஆகியிருந்ததையும் அவர் கண்டார்.

காரணம், கோப்பின் அளவைக் குறைப்பதற்கு அப்பொறிகள் கையாண்ட ஜேபிக்2 என்னும் முறை. பக்கத்தில் ஒன்றுபோல் தோன்றும் சிறு பகுதிகளை அது ஒரே ஒருமுறை சேமித்து, ஒத்த இடங்களிலெல்லாம் அதையே ஒட்டும். ‘ஒத்தது’ என்று அது எண்ணியவை உண்மையில் வேறு வேறு எண்களாக இருந்தன. மங்கலான எண் என்றால் நாம் ஐயப்படுவோம். இங்கே தவறான எண்கள் தெள்ளத் தெளிவாக இருந்தன. ஐயப்பட இடமே இல்லை. கிரீசலின் ஆய்வு வெளியானபின், நிறுவனம் அதே ஆண்டில் மென்பொருள் திருத்தத்தை வெளியிட்டது.

குறை எங்கே? கண்டுபிடிக்கும் முறை

மின்விளக்கு எரியவில்லையென்றால் மின்பணியாளர் என்ன செய்கிறார்? சுவரை இடிப்பதில்லை. நடுவில் ஓரிடத்தில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் குறை அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். வரைபடத்திற்கும் இதே முறைதான்.

முதலாவதாக, ‘படம் சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், எது மாறியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்: எழுத்தா, அளவா, கோடா, நிறமா? அளவு எனில் அளவுகோலை வைத்து எத்தனை விழுக்காடு சுருங்கியது என்று கணக்கிடுங்கள். 94 வந்தால் லெட்டர் தாளையும், 96 அல்லது 97 வந்தால் ‘பக்கத்தில் பொருத்து’ அமைப்பையும், 71 வந்தால் ஏ3 படம் ஏ4 தாளில் அடக்கப்பட்டதையும் சந்தேகிக்கலாம்.

இரண்டாவதாக, படத்தைப் பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்துத் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். இதுவே நடுவழிச் சோதனை. கோப்பிலேயே தவறு இருந்தால் குறை வரைந்த மென்பொருளில். கோப்பு சரியாக இருந்து தாள் தவறாக இருந்தால் குறை டிரைவரிலோ அச்சுப்பொறியிலோ உள்ளது.

மூன்றாவதாக, அதே கோப்பை வேறோர் அச்சுப்பொறியில் அச்சிடுங்கள். வேறொரு கோப்பை அதே அச்சுப்பொறியில் அச்சிடுங்கள். தவறு கோப்போடு செல்கிறதா, பொறியோடு நிற்கிறதா என்பது விளங்கிவிடும். எழுத்துகள் மட்டும் மாறுகின்றன என்றால், பி.டி.எஃப். படிக்கும் மென்பொருள்களில் சிலவற்றிலுள்ள ‘படமாக அச்சிடு’ என்ற வசதியைப் பயன்படுத்திப் பாருங்கள். அப்போது எழுத்துகள் கணிப்பொறியிலேயே புள்ளிகளாக மாற்றப்பட்டுச் செல்லும். அச்சுப்பொறி தன் எழுத்துருவை இட வழியிராது.

நான்காவதாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஐந்து அமைப்புகளை ஒருசேர மாற்றிப் படம் சரியாகிவிட்டால், எது மருந்து என்று தெரியாது. நோய் மறுநாள் திரும்பி வரும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ உள்ள அச்சுப்பொறிக்கு ஒரு சோதனைத் தாள் தயாரியுங்கள். தாளின் நடுவில் 100 மில்லிமீட்டர்ப் பக்கமுள்ள ஒரு சதுரம், அதனுள் அடங்கும் ஒரு வட்டம், ஒரு மூலைவிட்டம் ஆகியவற்றை வரையுங்கள். தாளின் நான்கு ஓரங்களிலிருந்தும் 10 மில்லிமீட்டர் உள்ளே ஒரு சட்டம் போடுங்கள். மியூ, ஓமேகா, சிக்மா ஆகிய எழுத்துகளை இட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயரைத் தமிழில் எழுதுங்கள். -1, -10, -100 என்ற எண்களை இடுங்கள். 0.1, 0.25, 0.5 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள மூன்று கோடுகளையும், சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் நிறக் கோடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அச்சிட்டு, அளவுகோலால் அளந்து பாருங்கள். சதுரம் குறைந்தால் சுருக்கம். வட்டம் முட்டையானால் அகலமும் உயரமும் வெவ்வேறு விகிதத்தில் மாறியுள்ளன. சட்டத்தின் ஒரு பக்கம் மறைந்தால் தாளின் அளவு தவறு. எழுத்தும் பெயரும் பொருந்தாவிட்டால் எழுத்துரு தவறு. முக்கியமான வரைபடம் எதையும் அச்சிடுமுன் இந்த ஒரு தாளை அச்சிடுவதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

தராசில் நிறுப்பதற்குமுன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறோம். அம்மீட்டரைப் பயன்படுத்துமுன் சுழிப்பிழை உண்டா என்று பார்க்கிறோம். அச்சுப்பொறியும் ஓர் ஆய்வுக் கருவியே. நீங்கள் அரும்பாடுபட்டு அளந்த அளவுகளைப் பிறர் அறியப்போவது அந்தத் தாளின் வழியாகத்தான். ஆகவே கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குமுன் அச்சிட்ட படத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதன் மதிப்பைத் தாளிலிருந்து படித்து, உங்கள் அளவீட்டுக் குறிப்பேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் தாளை நம்பிக் கொடுக்கலாம்.